பலாத் தோப்பும் வீணைப் பட்டறையும்

பண்ருட்டியிலிருந்து பணிக்கன்குப்பம் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் பலா. சித்திரை பிறந்தால் ஆனி முடியும்வரை அந்த வட்டாரத்துக்கு வேறு நினைப்பே கிடையாது. தஞ்சாவூர் வீணைக்கு மரம் இந்தத் தோப்புகளிலிருந்து போகிறது என்று தெரிந்ததிலிருந்து, பழம் பறிக்கிறவரையும் வீணை செதுக்குகிறவரையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

பலாவைப் பறிப்பது மாங்காய் பறிப்பது போல அல்ல. பறிக்கிறவர் இடுப்பில் அரிவாளும் தோளில் கயிறுமாக ஏறுகிறார். ஒவ்வொரு காயையும் விரல் மடக்கித் தட்டுகிறார். கல்லைத் தட்டியது போலக் கேட்டால் அடுத்ததற்கு நகர்கிறார். சத்தம் மந்தமாக, உள்வாங்கிக் கேட்டால் நிற்கிறார். முள் மழுங்கி விரிந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுகிறார். பிறகுதான் கயிறு. காம்புக்குக் கீழே சுருக்குப் போட்டு, மறுமுனையைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறார். பதினைந்து இருபது கிலோ பழம் மெல்ல ஆடி ஆடி இறங்குகிறது. கீழே நிற்கிறவர் அணைத்து வாங்கி, காம்பிலிருந்து வழியும் பால் பழத்தில் படாதபடி சாய்த்து வைக்கிறார்.

"தவறி வுழுந்தா அடிபட்ட எடம் கன்னிப்போயிரும் சார். சந்தைக்கு ஆவாது. அந்தக் காசு எங்க கூலியிலதான் போவும்" என்றார் மேலே இருந்தவர். அவர் கைகளில் பால் கறுத்து அப்பியிருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் அது வரும், தண்ணீருக்கு அசையாது. பருவம் முடியும்வரை அந்தக் கையோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

தோப்புக்காரப் பெரியவர் பிஞ்சு விட்டதுமே மரங்களை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியபோது, அவருடைய அப்பா கொட்டை ஊன்றி வளர்த்த மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்தன. "ஒரு ராத்திரில எங்கப்பா ஒழைப்பு போச்சு தம்பி. கெடச்ச வெலைக்கு மரத்த ஏத்தி வுட்டோம்." மறுபடி நட்டதெல்லாம் ஒட்டுக்கன்று. அதைக் குறை சொல்ல முடியாது. கொட்டைக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்; ஒட்டு நாலைந்து வருஷத்தில் காய்த்துவிடும். பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்துதான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் பாலூர்-1 ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. அது வருஷத்துக்கு இரண்டு பருவம் காய்க்கும். கடன்பட்ட விவசாயி அதைத்தான் நடுவார்.

ஆனால் ஒட்டு மரம் தாழக் கிளைத்துவிடுகிறது. வீணைக்கு வேண்டியது பருத்து நேராக நிற்கும் அடிமரம்.

தஞ்சாவூர்ப் பட்டறையில் நுழைந்ததும் பலாச் சிராயின் மஞ்சள்தான் கண்ணில் பட்டது. வெட்டின புதிதில் மரம் அந்த நிறம். நாள்பட நாள்படச் செம்பழுப்புக்கு மாறும். ஆசாரி ஒருவர் குடத்தைக் குடைந்துகொண்டிருந்தார். உளியை நாலு தட்டு தட்டுவார், நிறுத்துவார், வெளிப்பக்கம் விரலால் சுண்டிக் காதைக் கொடுப்பார், மறுபடி உளி. சுவர் தடித்தால் நாதம் அடைபடும், மெலிந்தால் வெடிக்கும். எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் எதையும் அவர் பக்கத்தில் வைத்திருக்கவில்லை.

"பழுத்ததத் தட்டிப் பார்க்கிற மாதிரிதானே?" என்று பண்ருட்டியில் பார்த்ததைச் சொன்னேன்.

"ஆமா சார். அவங்களுக்கும் காதுதான், எங்களுக்கும் காதுதான்" என்றார். "முப்பது நாப்பது வருஷம் நின்ன மரமா இருக்கணும். எள மரம் காயும்போது முறுக்கிக்கும்."

குடம், தண்டி, யாளி முகம் வரை எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை; தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு ஏற்ற பெரிய மரம் கிடைப்பது இப்போது அபூர்வம் என்றார். மெழுகில் 24 மெட்டுகளைப் பதித்துச் சுருதி சேர்ப்பது தனி வேலை, அதற்குத் தனி ஆள். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், மரத்தை வளர்க்காது. அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அதைச் சொல்லும்போது அவர் உளியை நிறுத்தவில்லை.

ஒட்டுக்கன்று வேண்டாம் என்று எந்த விவசாயியிடமும் சொல்ல எனக்கு உரிமையில்லை. வரப்போரத்தில் நாலு கொட்டை மரத்துக்கு இடம் விடுங்கள் என்று மட்டும் கேட்கலாம். அடுத்த தலைமுறைக்காக வளரும் அந்த மரங்களுக்கு அரசு ஒரு ஊக்கத்தொகை கொடுத்தால் என்ன? பழத்துக்குச் சாலையோரத்தில் பேரம் பேசுகிற நாமும் கயிற்றைப் பிடித்திருக்கும் அந்தக் கையை நினைத்துப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

கொல்லையில் மேட்டுப்பாங்கான இடம் இருக்கிறவர்கள், இந்தப் பருவத்தில் நல்ல சுளை கண்டால் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். உலர்ந்தால் முளைக்காது, ஒரு வாரத்துக்குள் ஊன்றுங்கள். ஆணிவேர் அறுந்தால் கன்று தேறுவது கடினம். அதனால் மரம் நிற்க வேண்டிய குழியிலேயே ஊன்றுங்கள். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.