மண்டபத்துச் சோறு

1974இல் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு நாங்கள் கிளம்பினோம். பத்து வருடத்துக்கு முன் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் எங்களைப் போன்றவர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று பிரித்திருந்தார்கள். அதில் எங்கள் லயத்து வரிசை வீடுகளும் அடக்கம். எனக்கு ஒன்பது வயது. ஸ்டேஷனில் போகிற சனமும் நிற்கிற சனமும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த ரயிலுக்கே அழுகைக் கோச்சி என்றுதான் பெயர். எனக்கு அழுகை வரவில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, பாம்பன் பாலத்தில் ரயிலில் வந்து, மண்டபம் முகாம். வெயில் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. பனியிலும் மழையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா கம்பளிச் சட்டை மாட்டி அழைத்து வந்திருந்தாள். புது ஊருக்கு மரியாதையாகப் போக வேண்டுமாம். மணலில் வெறுங்காலை வைத்ததும் தங்கச்சி அலறினாள். தோட்டத்தில் பீலியில் இரவு பகலாகத் தண்ணீர் கொட்டும். இங்கே குடத்தோடு வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் உப்புக் கரித்தது. அதில் போட்ட தேத்தண்ணியை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு வெளியே போய்த் துப்பினார். கொழுந்து பறித்தே வளர்ந்த குடும்பத்துக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

ஆனால் சோறு! நாங்கள் விட்டுவந்தது பஞ்ச காலத்துத் தோட்டம். அரிசி வாங்க வழியில்லை, கோதுமை மாவும் அளந்துதான் கிடைத்தது. மரவள்ளிக்கிழங்கும் கீரையுமாக நாள் ஓடியது. பசியில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் முதல்நாள் மத்தியானம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு. குழம்பு என்ன என்று நினைவில்லை. தம்பி சாப்பிட்டபடியே தூங்கிப்போனான். பெரியவர்கள் விட்டுவந்த காம்பரா வீட்டையும் மல்லிகைக் கொடியையும் பேசி அழுதுகொண்டிருக்க, பிள்ளைகள் நாங்கள் இரண்டாந்தரம் சோறு கேட்டோம். நாடற்றவர்கள், தாயகம் திரும்பியவர்கள் என்று பின்னால் எத்தனையோ படித்தேன். அன்றைக்கு எனக்கு இந்தியா என்றால் அந்தத் தட்டுதான். அதில் எனக்கு வெட்கமில்லை.

அப்பாயி மட்டும் சாப்பிடாமல் கட்டடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க தாத்தாவையும் என்னையும் இங்கதான்டா நிப்பாட்டி வச்சி, சீக்கு இருக்கான்னு பாத்து கப்பலேத்துனாங்க" என்றாள். சிலோன் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பிய அதே முகாம். போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே வாசல்.

சில நாளில் குடும்ப அட்டையைக் கையில் கொடுத்துக் கோத்தகிரிக்கு அனுப்பினார்கள். மறுபடி பனி, மறுபடி கொழுந்து. அம்மா முகம் தெளிந்தது. ஹட்டனில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், கோத்தகிரியில் சிலோன்காரன் என்றார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கப் பழகிக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் சிலோன் காலனி என்று ஒன்று உண்டு. உங்கள் ஊரில் இருந்தால், அங்கே அறுபது தாண்டியவர் யாரிடமாவது மண்டபத்தைப் பற்றிக் கேளுங்கள். நேரம் வைத்துக்கொண்டு போங்கள். சீக்கிரத்தில் முடிக்க மாட்டார்.