சீட்டு விழாத யோசேப்பு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி, தன் தோழியர் இருவருக்கும் சேர்த்து எழுதியது)

பள்ளித் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இம்மலரில் நன்றியுரை எழுதுவது வழக்கம். தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் எழுதியதாக எங்களுக்கு நினைவில்லை. ஆகவே நாங்கள் மூவரும் எழுதுகிறோம்.

ஆறாம் வகுப்பு முதல் நாங்கள் செய்யாத வேலை உண்டா? காலை வழிபாட்டுக்கு ஒலிபெருக்கியைத் தூக்கி வைத்தோம். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். சாரணியர் அணியில் மூன்று ஆண்டுகள் இருந்தோம். பத்தாம் வகுப்புக்கு வந்தால் எங்களில் ஒருத்திதான் தலைவி என்று எண்ணியிருந்தோம். ஒவ்வொருத்தியும் மனத்துக்குள் தன்னைத் தலைவியாக்கி, மற்ற இருவரையும் துணைத்தலைவியராக்கி வைத்திருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஜூன் மாத இறுதியில் அறிவிப்புப் பலகையில் வேறொரு பெயர் இருந்தது. தந்தைக்கு இரயில்வேயில் மாற்றலாகி, ஒன்பதாம் வகுப்பில் இங்கு வந்து சேர்ந்தவள் அவள். "நேற்று வந்தவள்" என்றே அவளுக்குப் பெயர் வைத்தோம். மெழுகுவர்த்தி ஏந்தி அவள் உறுதிமொழி எடுத்தபோது, ஓசை வராமல் கைதட்டுவது எப்படி என்று கற்றுக்கொண்டோம். வீட்டில் அம்மா கேட்டதற்கு, "படிப்பு கெடும் என்று நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன்" என்றோம். மூன்று வீடுகளிலும் ஒரே பொய்!

ஆகஸ்டு 14 மாலை. கொடிமரத்தடியில் அவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருடன் கொடியை மடித்து, நடுவில் பூவிதழ்களை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் குழாயடியில் சோற்று டப்பா கழுவிக்கொண்டிருந்தோம். கொடிக்குச் சுருக்குப் போடும்போது கயிற்றின் நுனியை முழுவதும் உள்ளே இழுத்துவிடக் கூடாது. வளையமாக மடித்துச் செருக வேண்டும். அப்போதுதான் கீழிருந்து இழுத்தால் அவிழும். நுனியையே இழுத்து முடிந்தால் இழுக்க இழுக்க இறுகும். அவள் நுனியை இழுத்து, இன்னொரு முடிச்சும் போட்டாள். எங்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள். இன்னொருத்தி அவள் கையைக் கிள்ளினாள். கிள்ளியது யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் நமக்கு இரட்டை விழா அல்லவா? விடுதலை நாளும் அதுவே, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் அதுவே. காலைத் திருப்பலியில் மூவரும் பாடினோம், நற்கருணை வாங்கினோம். அப்போதாவது ஓடிச்சென்று சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது.

சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். கொடி விரியவில்லை. மீண்டும் இழுத்தார். சிறு பிள்ளைகள் சிரித்தார்கள். காவல்காரத் தாத்தா ஓடிவந்து கொடியைக் கீழே இறக்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். பூவிதழ்கள் அவர் காலடியில் கட்டியாக விழுந்தன. அவள் முகம் சிவந்து நின்றாளே தவிர அழவில்லை. "கொடிக்கு வணக்கம்" என்று அவள் சொன்னபோது குரல் மட்டும் உடைந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் பங்கை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டோம். அன்பினால் அல்ல, தொண்டையில் இறங்காததால்.

அந்த வாரம் சிற்றாலயத்தைத் துடைப்பது எங்கள் முறை. அங்கே பொறுப்பாக இருக்கும் மூத்த சகோதரியிடம், "கூடவே இருந்து உழைத்தவர்களை விட்டுவிட்டு வேறொருவரைத் தேர்ந்தால் அது நியாயமா, சிஸ்டர்?" என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் விவிலியத்தை எடுத்துத் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார்.

யூதாசின் இடம் காலியாக இருந்தது. ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்தபோது பேதுரு எழுந்து, யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவர் விண்ணேறிய நாள் வரை கூடவே இருந்தவர் ஒருவர் வேண்டும் என்றார். இருவரை நிறுத்தினார்கள். ஒருவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. யுஸ்து என்றும் அவருக்குப் பெயர் உண்டு. மற்றவர் மத்தியா. செபித்துச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியா பெயருக்கு விழுந்தது. அவருக்கு மே 14-இல் விழா எடுக்கிறோம். அந்த யோசேப்பைப் பற்றி அதன்பின் விவிலியத்தில் ஒரு சொல்லும் இல்லை.

"அவரும் கூடவே இருந்தவர்தானே, சிஸ்டர்! என்ன குறை கண்டார்கள்?"

"குறை கண்டதாக எங்கே எழுதியிருக்கிறது? இடம் ஒன்று, ஆள் இரண்டு" என்றார் சகோதரி.

"அன்று இரவு அவர் சாப்பிட்டிருப்பாரா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சகோதரி சிரித்துவிட்டார். பிறகு, 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய ஆயர் யூசேபியுஸ் இவரைப் பற்றி ஒரு பழஞ்செய்தியைக் குறித்திருப்பதாகச் சொன்னார். யுஸ்து கொடிய நஞ்சைக் குடித்தும் ஆண்டவர் அருளால் அவருக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லையாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜூன் முதல் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். அங்கேயே, கையில் துடைப்பத் துணியோடு, முடிச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டோம்.

"என்னிடம் சொல்லி என்ன பயன், பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் மெழுகுத் தண்டுகளைத் துடைக்கப் போய்விட்டார்.

அவளிடம் சொல்வதற்கு நான்கு நாட்கள் ஆயின. அவள் கேட்டுவிட்டு, "நீங்கள் குழாயடியில் நின்றதைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பீர்கள் என்று பயந்துதான் கேட்கவில்லை" என்றாள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே மன்னித்துவிடவில்லை. இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நாங்கள் இரண்டு மாதம் பேசியிருக்க மாட்டோம்.

இப்போதும் அவள் தோளில் அந்தப் பட்டையைக் காணும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. அது போய்விட்டதென்று எழுதினால் நான்காவது பொய்யாகிவிடும்.

சனவரி 25 மாலை அவளே கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்தாள். மேசைக்காலில் பத்துப் பதினைந்து முறை முடிச்சுப் போட்டுப் பழகினாள். பிறகு கொடியைத் தானே கட்டினாள், நாங்கள் தொடவில்லை. "சரியா?" என்று கேட்டாள். வளையத்தை இன்னும் சற்று நீளமாக விடச் சொன்னோம்.

மறுநாள் காலை ஒரே இழுப்பில் கொடி விரிந்தது. சாமந்தி இதழ்கள் காற்றில் பறந்து முன்வரிசைக் குழந்தைகளின் தலையில் விழுந்தன. அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கட்டளை கொடுப்பவள் திரும்பக் கூடாதல்லவா?