வாலாட்டி வந்த காலை

பினாங்குத் தீவுக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. செப்டம்பர் பிறந்தால் மழை கனக்கும். மரங்கள் முன்னிலும் பசுமை கொள்ளும். வடக்கே சைபீரியாவிலும் சீனத்தின் வடபுலத்திலும் இலை பழுத்து உதிர்கின்றது என்னும் செய்தியை இத்தீவுக்குக் கொணர்வன பறவைகளே.

டத்தோ கிராமாட்டில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அக்டோபர் மாதத்து ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களைத் திரட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குச் செல்வது வழக்கம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மக்கள் செல்லும் அதே திசைதான். 1884ஆம் ஆண்டு, சார்லஸ் கர்ட்டிஸ் என்பாரின் பொறுப்பில், பழைய கருங்கல் வெட்டுமிடத்தில் உருவான பூங்கா அது. அதனூடே வரும் அருவியாறு, கீழே ஆயர் ஈத்தாம் ஆற்றோடு கூடிப் பினாங்கு ஆறாகி நகருக்குள் நுழைகின்றது. மேலே கூழாங்கல் தெரிய ஓடிய நீரா இது என்று, பாலத்தில் நின்று பார்க்கும் மாணவர் எவரும் ஐயுறுவர்.

ஆசிரியருக்குப் பறவைநூற் புலமை கிடையாது. செங்கால் நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவரின் பாட்டை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவர் அவர். தென்குமரிக்கு வந்து வடதிசைக்கு மீளும் பறவையைப் பற்றி அத்தனை ஆண்டுகள் பேசியும், வலசை வரும் ஒரு பறவையைத் தாம் நின்று பார்த்ததில்லையே என்ற வெட்கம், பணி ஓய்வுக்குப் பின்னரே அவரைப் பற்றிக்கொண்டது. அதற்குள் கண்ணில் புரை விழுந்துவிட்டது.

ஆகவே அந்நடையில் ஒரு விந்தையான ஏற்பாடு நிலவியது. மாணவர் பார்ப்பர், கண்டதைச் சொல்வர், ஆசிரியர் பெயர் கூறுவார். மின்கம்பியில் வரிசையாய் அமர்ந்தவற்றை "லாயாங்-லாயாங்" என்றாள் ஒரு மாணவி. காற்றாடிக்கும் அக்குருவிக்கும் மலாய்மொழியில் ஒரே பெயர் என்பதை ஆசிரியர் வாய்விட்டுப் பாராட்டினார். பிறகு, "நம் மொழியில் தகைவிலான்" என்றார். தகைவு இலான், தடையின்றிப் பறப்பவன் என்று பிரித்தும் காட்டினார். ஏறத்தாழ இருபது கிராம் எடையுள்ள உயிர் அது. 1963 முதல் 1971 வரை எலியட் மெக்லூர் தலைமையில் ஆசிய நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் காலில் வளையமிட்டு வழிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் தகைவிலான்கள் மிகப் பல. கம்பியில் இருந்தவற்றின் கால்களில் வளையம் தெரிகின்றதா என்று அன்று முழுவதும் கழுத்து வலிக்கத் தேடினான் ஒரு சிறுவன். பாவம், தொலைநோக்கி ஒன்றே இருந்தது. அவன் முறை வருமுன் அவை பறந்துவிட்டன.

ஆற்றங்கரையில்தான் அவனுக்கு வாய்ப்புக் கிட்டியது.

"ஐயா, பாறைமேல் ஒன்று! நிற்கவே மாட்டேன் என்கிறது, வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கிறது."

"முதுகு என்ன நிறம்?"

"சாம்பல். அடிவயிறு மஞ்சள்."

ஆசிரியர் பாறையிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்குத் தெரிந்தது நீரின் வெண்மை மட்டுமே.

"வாலாட்டி," என்றார்.

மாணவர் சிரித்தனர். செய்கின்ற செயலே பெயராய் அமைந்தது அவர்களுக்கு வேடிக்கையாயிருந்தது. இத்தனை எளிய சொல் தம் பாடநூலில் ஏன் இல்லை என்று அந்த மாணவி கேட்டபோது, ஆசிரியரிடம் விடை இல்லை. வகுப்பறையில் அவரும் அச்சொல்லை ஒருநாளேனும் உச்சரித்தவரல்லர்.

சிறுவன் குறிப்பேட்டில் நாளும் இடமும் எழுதி, பெயரை எழுதுமிடத்தில் நிறுத்தி, எந்த 'ல' என்று கேட்டான். சொல்லிக் கொடுத்த ஆசிரியர், டிசம்பரில் தமக்குக் கண் அறுவை இருப்பதைச் சொல்லி, அதற்குள் அது போய்விடுமோ என்றார்.

"ஏப்ரல் வரைக்கும்கூட இருக்குமாம் ஐயா, நான் படித்திருக்கிறேன்," என்றான் அவன்.