மிளகு ஏன் சொறிந்தது?

சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். பெரிய மனிதர்கள்கூட, பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தால், முதுகை நிலைக்கதவில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாலு மணி வரைக்கும் விடாமல் சொறிந்துகொண்டிருந்தால், அதையும் சுகம் என்று சொல்வீர்களா? எங்கள் வீட்டுப் பூனை அப்படித்தான் செய்தது. அது ஏன் என்று கண்டுபிடித்த விவரத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் உபயோகப்படும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்; அவருக்குப் புண்ணியமாகப் போகும்.

என் கணவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றலாயிற்று. கொல்லிமலையில் ஊர்க் கூட்டங்களை 'நாடு' என்பார்கள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பல நாடுகள். அவற்றில் எங்களுக்கு வாய்த்தது வாழவந்தி நாடு. பெயரைக் கேட்டதுமே என் மாமியார், "வாழ வந்தவர்களுக்கு ஏற்ற ஊர்தான்" என்று சகுனம் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மிளகு வந்தால்தான் நான் வருவேன்!"

மிளகு என்பது எங்கள் பூனை. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. மாமனார் காலமான பிறகு, பகல் முழுவதும் மாமியாருக்குப் பேச்சுத் துணை அதுதான். நான் சமையல், இவர் ஆபீஸ், எட்டு வயசுப் பெண் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பழைய கதைகளைச் சொல்வார். மிளகு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் எழுந்து போகாமல் கதை கேட்க, எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே மிளகும் வந்தது. காரவல்லி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கூடையில் உட்கார்ந்தபடியே கடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது கொடுத்த குரலைக் கேட்டுப் பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐம்பதாவது வளைவுக்கு மேல் அவர்களுக்கும் தலை சுற்றியதால் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு ஓட்டு வீடு. சிமெண்டுத் தரை; ஆங்காங்கே விரிசல். பின்னால் காப்பிச் செடிகளும், மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், ஒரு பலா மரமும். ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. தெருவில் நாய்கள் அதிகம் என்பதால் பூனையை வாசற்படி தாண்ட விடவில்லை.

ஒரு வாரம் சரியாக இருந்தது. எட்டாம் நாள் ராத்திரி தொடங்கிற்று சொறிதல். பின்னங்காலால் கழுத்தை 'சரக் சரக்' என்று சொறியும். திடீரென்று துள்ளி எழுந்து வாலடியைப் பல்லால் கடிக்கும். பத்து நாளில் வாலுக்கு மேலே முடி கொட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. தடவிப் பார்த்தால் ரவை கொட்டினாற்போல் சின்னச் சின்னப் பொருக்குகள்.

ஒரு வீட்டில் வியாதி வந்துவிட்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை, பார்த்திருப்பீர்களே! "மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் இவர். "கருவாட்டுச் சூடு, கண்ணு! அதை நிறுத்து" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எட்ட நின்றே பார்த்துவிட்டு, "படர்தாமரை. மனுஷனுக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். "ஊரை விட்டு வந்த ஏக்கம்" என்றார் மாமியார். தம் ஏக்கத்தையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

இது இப்படி இருக்க, பெண்ணின் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் தோன்றின. அவளும் சொறிய ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "குழந்தைக்கு ஆகாது என்றால் பூனை எதற்கு? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரிடமாவது கொடுத்துவிடலாம்" என்றார் இவர். காட்டுப் பக்கம் விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. மாமியார் பதில் பேசவில்லை. தம் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனம்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு, நானும் மாமியாரும் மிருக வைத்தியரிடம் கிளம்பினோம். அவர் சின்ன வயசுப் பெண்மணி. 1985-இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாடும் ஆடும் கோழியும் பார்த்துப் பழகிய கை. கூடையைத் திறந்ததும், "அட, பூனையா!" என்று சந்தோஷப்பட்டார்.

அவர் முதலில் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. "எங்கே சொறிகிறது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டு வைத்தியர்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காதை மட்டும் ஓயாமல் சொறிந்தால், காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுத்த அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தால் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத காதுப் பூச்சி. காது ஓரத்தில் தடித்த பொருக்கு இருந்தால் சொறிநோய். வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பூனை பெரும்பாலும் முகத்தையும் கழுத்தையும் சொறியும்; அதை நிச்சயப்படுத்த, அதுவரை தின்றறியாத ஒரே வகை ஆகாரத்தைச் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடம் மாறிய கவலையிலும் பூனை தன்னை நக்கி நக்கியே முடியைப் போக்கிக்கொள்வது உண்டு. ஆனால் மற்றக் காரணங்கள் எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். வாலடி, முதுகின் கீழ்ப்பகுதி, பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி.

"தெள்ளா? நான் தினம் மடியில் வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்டதில்லையே!" என்றார் மாமியார்.

வைத்தியர் சிரித்துக்கொண்டே, பேன் சீப்பு மாதிரி நெருக்கமான பல் உள்ள சீப்பு ஒன்றை எடுத்து வாலடியில் நாலு இழுப்பு இழுத்தார். சீப்பில் முடியோடு, கறுப்பாகத் தூள் தூளாக ஏதோ வந்தது. பார்ப்பதற்கு மிளகுப் பொடியேதான். அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். ஒரு நிமிஷம் காத்திருந்தோம். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவியாக ஒரு வளையம் பரவிற்று.

"இது மண் இல்லீங்க அம்மா, ரத்தம். தெள்ளு குடித்த ரத்தம் கழிவாகக் காய்ந்து கிடக்கிறது. மண்ணாக இருந்தால் சிவக்காது."

பூச்சி ஏன் கண்ணில் படவில்லை என்பதையும் விளக்கினார். பூனை சுத்தக்காரப் பிராணி. அரிக்கிற இடத்தை நக்கும்போதே தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ஆள் தப்பிவிட்டான், அடையாளம் மட்டும் மிச்சம்! தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு மேலே நூறு தெள்ளு வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிப்பு நிற்காது.

அடுத்து அவர் கேட்டார்: "வீட்டில் யாருக்காவது கணுக்காலில் கடித்த மாதிரி தடிப்பு இருக்கிறதா?" நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெண்ணின் காலில் இருந்தது பூனை முடியால் வந்த ஒவ்வாமை அல்ல. அதே தெள்ளின் கடிதான்!

சரி, வெளியே போகாத பூனைக்குத் தெள்ளு எங்கிருந்து வந்தது? உங்களுக்கும் இதே கேள்வி தோன்றியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன உபாயம் வேடிக்கையானது. சாயங்காலம் பெண்ணுடைய பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் மெதுவாக நடக்கச் சொன்னோம். கூடத்தில் ஒன்றும் இல்லை. சமையலறையில் இல்லை. பின்கட்டு அறைக்குள் பத்து அடி வைத்தாள். காலுறையில் கடுகை விடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் மூன்று புள்ளிகள். விரலை நீட்டினேன், ஒன்று துள்ளி மறைந்தது. உடம்பு நீளத்தைப் போலச் சுமார் நூறு மடங்கு தாண்டும் பிராணியை விரலால் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள்!

வீட்டுச் சொந்தக்காரரை விசாரித்தபோது, முன்பு குடியிருந்தவர்கள் ஒரு நாய் வளர்த்தார்களாம். அது படுத்துக்கொள்வது பின்கட்டு அறையில்தானாம். இங்கேதான் வைத்தியர் சொன்ன கணக்கைக் கேட்க வேண்டும். இந்தப் பூச்சிக்குப் பெயர் பூனைத் தெள்ளு. ஆனால் நாய்மேல் அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். ஒரு பெண் தெள்ளு நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகள்கூட இடும். முட்டை முடியில் ஒட்டாது. உப்புத்தூள் போல உதிர்ந்து தரையில் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து விரிசலுக்குள் புகும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கக்கூடும். மனிதர் நடக்கிற அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால், "வந்துவிட்டார்கள்!" என்று கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே குதிக்கும். வறண்ட இடத்தில் புழு பிழைக்காது. மலையின் ஈரக் காற்றோ அதற்கு அமிர்தம். ஆக, பூட்டிக் கிடந்த வீட்டில் ஐந்து மாதமாக எங்களுக்காகக் காத்திருந்தவை தெள்ளுகள். நாங்கள் வாழ வந்தோம். அவையும் வாழ வந்தன.

தெள்ளைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்து ஜனங்கள் மடிந்தபோது, அது எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. 1898-இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் ஒரு பரீட்சை செய்தார். நோய்வாய்ப்பட்ட எலியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டார். தெள்ளு போதாமல் போய்விடக் கூடாதே என்று, ஒரு பூனைமேலிருந்து பிடித்த தெள்ளுகளையும் அதில் போட்டார். அந்த எலி சாகும் தறுவாயில், நல்ல எலி ஒன்றைத் தனிக் கூண்டில் அதே ஜாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. ஆனால் தெள்ளு தாண்டுமே! சில நாளில் நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. பின்னால் இந்தியாவில் நடந்த பிளேக் ஆராய்ச்சிதான் அவர் கட்சி சரி என்று காட்டிற்று. முக்கியக் குற்றவாளி எலித் தெள்ளு; நம் வீட்டுப் பூனைத் தெள்ளால் பிளேக் வருமோ என்று இன்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். ஆகையால் மிளகுக்குக் குடற்புழு மருந்தும் சேர்த்தே கிடைத்தது.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. "நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தில் கொஞ்சம் போட்டால் போதாதா?" என்று வைத்தியரைக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற சரக்கு இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடலாம். நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால்கூடப் பூனைக்கு விஷம்தான். அதன் ஈரலுக்கு இவற்றை முறிக்கும் சக்தி குறைவு. மண்ணெண்ணெய், பினாயில், கர்ப்பூரம் எதையும் பூனைமேல் தடவக் கூடாது. தடவியதை அது நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடை பார்த்து, நாக்கு எட்டாத பிடரியில் விட்டார். மாதம் ஒரு தடவை. வீட்டு வேலை எங்களுடையது. படுக்கை விரிப்புகளையும் கம்பளியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டோம். தினமும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றினோம். விரிசல்களை இவர் சிமெண்டால் பூசினார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தெள்ளு அதிகமானது போலத் தோன்றிற்று! "உன் டாக்டர் கெட்டிக்காரிதான்" என்று இவர் ஆரம்பித்தார். ஆனால் வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார்: பூனைமேல் இருப்பது நூற்றில் ஐந்து பங்கு என்றால், முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டில் இருப்பது தொண்ணூற்றைந்து பங்கு. கூட்டிலிருப்பவை எல்லாம் வெளியே வந்து தீர மூன்று மாதம் ஆகலாம். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் நிறுத்தவில்லை.

மூன்றாம் மாதம் வெள்ளைக் காலுறை வெள்ளையாகவே திரும்பி வந்தது. மிளகின் வாலடியில் புது முடி முளைத்துவிட்டது. பெண்ணின் காலும் பளிச்சென்று ஆயிற்று. மாமியார் மடித்து வைத்த துணிகள் எப்போது பையிலிருந்து அலமாரிக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்கள் பூனையும் சொறிகிறதா? காரணத்தை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பேன் சீப்பு, ஒரு வெள்ளைக் காகிதம், இரண்டு சொட்டுத் தண்ணீர். முதலில் இதைச் செய்யுங்கள். காகிதம் சிவந்தால் காரணம் தெரிந்துவிடும். சிவக்காவிட்டாலும், எங்கே சொறிகிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். பூனை தன் வாயால் சொல்லாது. ஆனால் பின்னங்காலால் இடத்தைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது.