கொட்டியாரத்து ஓலை

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் லாஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு, 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தைத் தாண்டிக் கரைவழியே பஸ்ஸிலேயே போய்விடலாம். நான் அந்தப் பாதையில் போனது ஒரு கடிதத்துக்காக. எழுதியவர் இல்லை, எழுத வேண்டியவன் நான்தான். எழுதுவதற்கு ஓலை வேண்டியிருந்தது.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு எங்களுடையது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை உருட்டிப் பார்ப்போம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு வழி திறந்தது. 1981இல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ துப்புத் துலக்கும் கதைகளைக் கொண்டுவந்தது. பத்திரிகைத் துண்டு, நாட்குறிப்புப் பக்கம், தந்தி என்று கையில் கொடுக்கும் பொருள்களுக்கு அதை ஆடுபவர்களிடையே பெரிய மதிப்பு உண்டானது. இப்போது வெளிநாடுகளில் உலோக நாணயம், மெழுகு முத்திரை எல்லாம் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மேசைக்கு அலங்காரம் என்பதே என் எண்ணம். பார்த்து மெச்சிவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள்.

நாங்கள் எடுத்த கதை உள்ளூர்க் கதை. ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் 1659இல் மசூலிப்பட்டினத்துக் கரையில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்து, புது மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் மாகாண அதிகாரியான திசாவை படையோடு இறங்கி, அரசனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, கப்டன் கரைக்கு வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று ஆள் அனுப்பினார். போனவர்கள் பிடிபட்டார்கள். கப்டனின் மகன் றொபேர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கைதியாக இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப்போனார். 1681இல் இலண்டனில் அவருடைய இலங்கை நூல் அச்சானது. கடிதம் என்பது ஒரு சாட்டு என்றுதான் அதில் எழுதுகிறார். அவர்கள் புளியமரத்தின் கீழ் இருந்தபோது பிடிபட்ட இடம் மூதூரில் இருக்கிறது. நினைவுக்கல் நிற்கிறது, பழைய மரம் இல்லை.

யாரும் கண்ணால் காணாத ஒரு கடிதம் ஒரு கப்பல் ஆட்களைக் கரைக்கு இழுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தைத்தான் நான் செய்விக்கப் புறப்பட்டேன்.

தாளில் செய்வது சுகம். தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் பழசாகிவிடும், உலகமெங்கும் இந்த விளையாட்டுக்காரர் கைக்கொள்ளும் வழி அது. ஆனால் இந்தத் தீவில் தேயிலையைத் தோட்டமாக நட்டதே 1867இல். 1660ஆம் ஆண்டுக் கடிதத்தில் தேயிலைக் கறை இருந்தால் எனக்கே சிரிப்பு வரும்.

சம்பூர்ப் பக்கம் பனையோலை வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் போனேன். 2006இல் போரில் இடம்பெயர்ந்து, முகாம்களில் காலம் தள்ளி, காணி விடுபட்டபிறகு திரும்பி வந்த குடும்பம். முற்றத்தில் சுளகும் நீத்துப்பெட்டியும் அடுக்கியிருந்தன. நான் கேட்டதை முழுதாகக் கேட்டுவிட்டு, “கூத்துக்கோ தம்பி?” என்றார்.

“இல்லையம்மா, விளையாட்டுக்கு.”

“பெரிய ஆக்களும் விளையாடுறதோ?”

“பெரிய ஆக்கள்தான்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பின்னுவதற்கு எடுக்கும் குருத்தோலை இதற்கு உதவாதாம், மெத்தென்றிருக்கும், எழுத்தாணி பட்டதும் கிழியும். முற்றின ஓலை மடிக்கும்போது வெடிக்கும். இரண்டுக்கும் நடுவிலே பார்த்து ஒன்றை இழுத்தெடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்தார். சத்தகத்தால் ஈர்க்கைப் பிரித்தெடுத்த வேகத்தில் கத்தியின் நுனி எங்கே போகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடைய இடது கைப் பெருவிரல் மட்டும் ஓலைக்கு முன்னே நகர்ந்துகொண்டிருந்தது, அதுதான் அளவுகோல். ஈர்க்கிலிருந்து பிரிந்த இரண்டு நறுக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை.

பிறகு மஞ்சள் போட்ட தண்ணீரில் அவிப்பு. மஞ்சள் பூச்சிக்கு. அவித்ததை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். உலர்ந்ததைப் பலகையில் வைத்துச் சோகியால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஓலையின் சொரசொரப்பு அடங்கி ஒரு வழவழப்பு ஏறியது. “அப்பா சாதகம் எழுதுவிக்கக் குடுக்கேக்க இப்பிடித்தான் அம்மா தேய்ச்சுக் குடுப்பா” என்றார். பெட்டி விலைக்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம். ஒரு கடகம் முடிக்கிற நேரம் இந்த ஒற்றை நறுக்குக்குப் போயிருந்தது. கடகத்தின் விலையைக் கொடுத்தேன். கைவேலைக்கு விலை போடும்போது நேரத்தை யாரும் எண்ணுவதில்லை, பொருளின் பருமனைத்தான் பார்க்கிறார்கள்.

கூத்துக்கோ என்று அவர் கேட்டது மனதில் நின்றதால், வெருகல் பக்கத்து அண்ணாவியார் ஒருவரையும் போய்ப் பார்த்தேன். வடமோடிக் கூத்து பழக்குகிறவர். வீட்டு அறையில் மரத்தால் செய்த முடிகளும் மார்புப் பதக்கங்களும் துணியால் மூடிக் கிடந்தன. கிட்டப்போய்ப் பார்த்தால் மினுங்கல் தாளும் கண்ணாடித் துண்டுகளும் பசையும் தனித்தனியாகத் தெரியும். இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் அவை இரத்தினம். தூதன் கொண்டுவரும் ஓலையைக் காட்டச் சொன்னேன். ஒரு வெற்றோலையை எடுத்து நீட்டினார்.

“எழுத்து இல்லையே ஐயா?”

“எழுத்து என்னத்துக்கு? ராசாவுக்குப் பாட்டு மனப்பாடம். ஓலை ஆட்டத்துக்கு.”

அந்த வெற்றோலையைத் தூதன் எப்படிப் பிடிக்க வேண்டும், அரசன் எந்தக் கையால் வாங்க வேண்டும் என்று எழுந்து ஆடியே காட்டினார். எழுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர். ஓலையை நீட்டியபோது உடம்பு முழுவதும் அந்த ஓலைக்குப் பின்னால் வந்தது.

மேசை விளையாட்டுக்குச் செய்யும் பொருளுக்கு இருட்டும் தூரமும் இல்லை. ஒரு சாண் தூரத்தில், மின்குமிழ் வெளிச்சத்தில், சந்தேகப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆகவே எழுத்து வேண்டும். ஆனாலும் அண்ணாவியார் சொன்னதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளின் வேலை, ஆளை எழுந்து நடக்கவைப்பது.

எழுதியது நான்தான். இடது கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியைப் பெருவிரல் நகத்தில் முட்டுக்கொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீற வேண்டும். புள்ளி வைத்தால் ஓலை துளைபட்டுவிடும் என்பதால் பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது. நானும் விட்டுவிட்டேன். கீறியதும் எழுத்துக் கண்ணுக்கே தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி எழுத்து எழும்பி வரும். சுருட்டி, நூல் சுற்றி, அரக்கு வைத்தேன்.

விளையாடிய இரவில் அதை மேசையில் வைக்கவில்லை. விறாந்தையின் மறு கோடியில் ஒரு கதிரையில் வைத்தேன். மேசை கப்பல், விறாந்தை கடல், கதிரை கரை. திசாவையின் ஆளாக நான் சொன்னேன்: அரசனின் ஓலை, கப்டன் கையில் மட்டுமே கொடுக்கப்படும். இதற்குக் கட்டை உருட்டல் கிடையாது.

கப்டன் பாத்திரம் ஏற்ற தங்கச்சி நொக்ஸைப் படித்தவள் அல்ல. அவள் கதிரையைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். போகாதே என்றான் ஒருவன். போகாமல் பாய்மரம் எப்படிக் கிடைக்கும் என்றான் இன்னொருவன். வாக்குவாதம் தேநீர் ஆறும்வரை நீண்டது. கடைசியில் அவள், “நான் போகேல்ல. என்ர மகனை அனுப்புறன். என்ன ஏதெண்டு பாத்திட்டு வரட்டும்” என்றாள். கிழக்கிந்தியக் கம்பனியின் கப்டனும் முதலில் மகனைத்தான் அனுப்பினார். நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மகன் எழுந்து நடந்தான். கதிரையருகே நின்றான். ஓலை கப்டனுக்குத்தான் என்றேன். திரும்பி வந்தால் அவமரியாதை, நின்றால் ஆபத்து. அவன் அங்கேயே நின்றபடி மேசையைப் பார்க்க, பிறகுதான் கப்டன் எழுந்தாள். நான்கு பேரும் கதிரையைச் சுற்றிக் குனிந்து, அரக்கை உடைத்து, புள்ளியில்லாத எழுத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் இன்னொரு விதமாகவும் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில், அதாவது கப்பலில், ஒருவரும் இல்லை என்பதை நான் சொல்லும்வரை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த அமர்வு சிறைவாசம். தகப்பன் காய்ச்சலில் இறந்தபிறகு நொக்ஸ் தொப்பி பின்னிப் பிழைக்கிறார். ஒரு கிழவனிடம் இருந்த ஆங்கில வேதாகமத்தைப் பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்குகிறார். ஆகவே இப்போது எனக்குத் தொப்பி வேண்டும், கையால் பின்னினதாக. திருகோணமலை வெக்கையில் அதைக் கேட்டால் ஆளை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நுவரெலியாச் சந்தையில் கம்பளிச் சட்டை பின்னும் பெண்கள் இருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.