பக்கத்துக் கட்டடத்தின் நடுக்கம்

நிலம் ஆடினால் கட்டடம் ஆடும் என்பது குழந்தைக்கும் தெரியும். கட்டடம் ஆடினால் நிலம் ஆடுமா? நிலநடுக்கம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு எதிர்ப்பட்டது. ஆடும் என்பதே விஞ்ஞானிகளின் பதில்.

கட்டடம் அசையும்போது அதன் அஸ்திவாரம் சும்மா இருப்பதில்லை. மண்ணை முன்னும் பின்னும் நெருக்குகிறது. அந்த நெருக்கல் அலையாகச் சுற்றிலும் பரவுகிறது. குளத்தில் படகை ஆட்டினால் கரைவரை அலை போகிறதே, அந்த மாதிரி. கடிதத் தலைப்பில் 'அனுப்புநர்', 'பெறுநர்' என்று எழுதுவோம். கட்டடத்தைப் பெறுநராகவே நினைத்துப் பழகிவிட்டோம். அது அனுப்புநரும்கூட.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், கால்டெக் நிறுவனத்தின் ஒன்பது மாடி நூலகத்தின் உச்சியில் ஒரு இயந்திரத்தைப் பொருத்தி, கட்டடத்தை வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தார்கள். பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கருவிகளிலும் அந்த அசைவு பதிவானது. 1989 ஆகஸ்ட் 13 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் தரையிறங்க வந்தபோது இன்னொரு வேடிக்கை. அதன் அதிர்ச்சி அலை லாஸ் ஏஞ்சலஸின் உயர்ந்த கட்டடங்களை மோதி ஆட்டியது. அவை நிலத்துக்கு அனுப்பிய அலை, வான்வழி வந்த அதிர்ச்சி அலைக்குச் சுமார் 12 விநாடி முன்பே பாசடீனாவை எட்டிவிட்டது. இதைக் கண்டறிந்து எழுதியவர் ஹிரூ கனமோரி குழுவினர்.

மெக்சிகோ சிட்டியில் விஷயம் வேடிக்கையாக இல்லை. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின் மையம் 350 கி.மீ.க்கும் அப்பால், பசிபிக் கரையோரம் இருந்தது. ஆனால் நகரின் பெரும்பகுதி பழைய ஏரியின் களிமண்மீது நிற்கிறது. அந்த மண் பல இடங்களில் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடியது. ஏறத்தாழ அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள் அதிகம் விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கட்டடங்கள் மண்ணுக்குத் திருப்பித் தரும் அலைகளால் நிலத்தின் ஆட்டம் மாறலாம், நீளவும் செய்யலாம் என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. நெருங்கி நிற்கும் கட்டடங்கள் ஆட்டத்தைக் குறைப்பதும் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் உபகாரமும் செய்யலாம், உபத்திரவமும் செய்யலாம்.

நான் கிழக்கு டெல்லியில், யமுனை கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மீது எழுந்த அடுக்குமாடியில் வசிக்கிறேன். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் நடுங்கியபோது எங்கள் வீட்டு மின்விசிறியும் ஊசலாடியது. அடுத்து நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "நம்ம கட்டடம் உறுதியா இருந்தாப் போதும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தக் கட்டுரையை மொழிபெயர்த்த பிறகு அந்தப் 'போதும்' எனக்குப் போதவில்லை.

தூண்கள் பலமாக இருப்பதுதான் முதல் காப்பு, அதில் சந்தேகமில்லை. மெக்சிகோவின் களிமண் வேறு, எங்கள் வண்டல் வேறு. ஆனால் பொறியாளர் கணக்குப் போடும்போது பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடமும் வெட்டவெளியில் தனியாக நிற்பதாகவே வைத்துக்கொள்கிறார். ஆடும்போது இரண்டு கட்டடங்கள் மோதிக்கொள்ளாதபடி இடைவெளி கேட்கிறார்கள். மண்ணுக்கடியில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை விசாரிப்பவர் குறைவு.

எங்கள் சுவரை அடுத்த காலிமனையில் நாளை இருபது மாடி எழலாம். வெயில் மறையுமா, தண்ணீர் போதுமா என்று கேட்க எங்களுக்குத் தெரியும். இந்த மண் எந்தத் தாளத்தில் ஆடும், புதிய கட்டடம் எந்தத் தாளத்தில் ஆடும், ஏற்கெனவே நிற்பவை எப்படி என்றும் கேட்க வேண்டும். இவற்றை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். இந்தியில்தான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பது என் தொழில்தானே.