ஊருக்குப் பெயர் ஊர்!

"பெசன்ட் நகருக்கு வந்துவிட்டு அஷ்டலட்சுமியைச் சேவிக்காமல் போவதாவது!" என்றாள் அத்தை.

மார்கழிக் கச்சேரிகள் கேட்பதற்காக மாயவரத்திலிருந்து வந்திருந்தாள். ஆகவே முதலில் கோயில். எட்டு லட்சுமிகளையும் மாடிப்படி ஏறி இறங்கிச் சேவித்தாயிற்று. வெளியே வந்ததும் கடற்கரை வழியாக வடக்கே நடக்கத் தொடங்கினேன்.

"எங்கேடி போகிறோம்?"

"ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு."

"குப்பமா! அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கோயிலா, கோட்டையா?"

கேள்வி நியாயமானதுதான். பட்டணத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் காட்டுவது செயின்ட் ஜார்ஜ் கோட்டை, ஹைகோர்ட், சாந்தோம் மாதா கோயில், மயிலாப்பூர்த் தெப்பக்குளம். குப்பத்தை யார் காட்டுகிறார்கள்? "வந்து பாருங்கள், அத்தை" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

எலியட்ஸ் பீச்சில் மணலுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு வளைவு நிற்கிறதே, அதைத் தாண்டினோம். கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவுச் சின்னம் அது. 1930 டிசம்பரில், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரைக் கொடுத்தவர். "பாவம், யார் பெற்ற பிள்ளையோ!" என்று அத்தை ஒரு நிமிஷம் நின்றாள். இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்ததும் சுண்டல் கடைகளும் பலூன்களும் பின்தங்கிவிட்டன. வரிசையாகப் படகுகள், மணலில் விரித்த வலைகள், அவற்றுக்கு அப்பால் நெருக்கமான வீடுகள். வந்துவிட்டோம்!

பெயரில் ஓர் அமெரிக்கர்

'ஊரூர்' என்ற பெயரைப் பாருங்கள். ஊர் என்ற சொல்லே இரண்டு முறை வருகிறது! ஆற்றூர், வேலூர் என்று மற்ற ஊர்களுக்கெல்லாம் அடைமொழி வேண்டியிருக்கிறது. இதற்கு ஊர் என்பதே அடையாளம்.

பக்கத்திலேயே 'ஒல்காட்'. அது கடல் கடந்து வந்த பெயர். கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1832-ல் அமெரிக்காவில் பிறந்தவர். நியூயார்க் நகரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1875-ல் அதே நகரத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாருடனும் வேறு சிலருடனும் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1882-ல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற இடத்தை வாங்கிச் சபையின் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தார். சபையின் தோட்டத்துக்கும் கடலுக்கும் இடையில்தான் குப்பம் இருக்கிறது.

தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894-ல் ஓர் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார் ஒல்காட். அதன் வழிவந்த ஒல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. 1907-ல் அவர் அடையாற்றிலேயே காலமானார். வானளாவிய கட்டடங்களுக்குப் பேர் போன நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவருடைய பெயர், நம் சென்னையில் ஒரு மீனவர் குப்பத்தின் மீது நிலைத்துவிட்டது!

யார் யாரிடம் வந்தது?

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பக்கத்தில் அத்தை மெல்ல உட்கார்ந்தாள். காலையிலிருந்து நடந்த களைப்பு.

"ஏன் ஆயா, நீங்கள் எல்லாம் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று பேச்சுக் கொடுத்தாள்.

கிழவி சிரித்தாள். "நாங்க எங்கேம்மா வந்தோம்? இங்கதான் கீறோம். நீங்கதான் வந்தீங்க!"

சுருக்கென்றிருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கிழவி சொன்னது சரித்திரம். பெசன்ட் நகரின் குடியிருப்புகள் எழுந்தது ஏறக்குறைய 1970-களில். நாங்கள் சேவித்துவிட்டு வந்த அஷ்டலட்சுமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1976-ல். அன்னி பெசன்ட் அம்மையார் 1933-ல் மறைந்த பிறகுதான் இந்த நகருக்கே அவர் பெயர் வந்தது. குப்பம் நகரத்தின் ஓரத்தில் வந்து ஒண்டிக்கொள்ளவில்லை. நகரம்தான் தெருத் தெருவாக நடந்து குப்பத்தின் வாசல்வரை வந்து நின்றது.

இன்னும் பின்னால் போகலாம். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியார் இந்தக் கடலோரத்தில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டினார்களே, அப்போது இங்கே துறைமுகம் ஏது? கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் சரி, கம்பெனிக் குமாஸ்தாவானாலும் சரி, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலைக்கு உயிரை ஒப்புக்கொடுத்துத்தான் கரை சேர வேண்டும். கப்பலுக்குப் போகும் கடிதங்களைத் தலைக் குல்லாய்க்குள் வைத்து, நனையாமல் கட்டுமரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 1870-களில் துறைமுக வேலை ஆரம்பிக்கும் வரையில், இருநூறு வருஷத்துக்கு மேல் இதுதான் கதை. சென்னப்பட்டணத்துக்கு வாசற்படியாக இருந்தது, இந்தக் கரையோரத்துப் படகுக்காரர்களின் தோள்தான். 'கட்டுமரம்' என்ற நம் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர்கள் அப்படியே தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்போது கட்டுமரத்தைக் காண்பது அரிது. மோட்டார் வைத்த பைபர் படகுகள்தான்.

கடலிலிருந்து பார்த்தால்...

கிழவியின் மகன் ஒரு விஷயம் சொன்னார். நடுக்கடலில் ரோடு ஏது, பெயர்ப்பலகை ஏது? கரையில் உயரமாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பார்த்து, அவை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்துவார்களாம். இன்னொரு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம். இரண்டு கோடும் சந்திக்கிற இடம்தான் மீன் கிடைக்கிற பாறை! 1896-ல் எழுந்த சாந்தோம் கோபுரம், 1977-ல் மெரினாவில் வந்த கலங்கரை விளக்கம், பரங்கிமலை என்று, கண்ணுக்கு எட்டுவதெல்லாம் இப்படிப் பயன்படக்கூடியவைதான்.

நாம் கரையில் நின்றுகொண்டு கடலை வேடிக்கை பார்க்கிறோம். அவர்கள் கடலில் நின்றுகொண்டு நம் நகரத்தைப் படிக்கிறார்கள்!

வடக்கே அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு பாலம் பாதியில் அறுந்து நிற்கிறது. 1967-ல் கட்டியது. ஆற்றின் இரு கரையிலும் உள்ள மீனவர்கள் நடந்து போய்வர உதவிய அந்தப் பாலம் 1977-ல் இடிந்தது. மறுபடி கட்டவில்லை. சினிமாக்காரர்களும் போட்டோ எடுக்கிறவர்களும் உடைந்த பாலத்தின் அழகைத் தேடி வருகிறார்கள். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

"எப்படித் தூங்குவது?"

"கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, பயமாக இல்லையா?" என்று கேட்டாள் அத்தை.

கிழவியின் கை வலையிலேயே நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதியை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அரசு வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. கடலை ஒட்டி வீடு இழந்தவர்கள் அப்பால் போகச் சம்மதித்தால் இலவசமாகப் புது வீடு கிடைக்கும். நகர மறுக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் அந்த உதவி கிடையாது.

நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் மீனவர் வீடு என்பது நான்கு சுவர் மட்டுமா? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்றால் காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி என்று தெரிய வேண்டும். வாடைக்காற்று ஒரு கணக்கு, தென்றல் ஒரு கணக்கு. படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். வலை உலர்த்தவும், மீன் காய வைக்கவும், பெண்கள் கூடை நிரப்பவும் மணல் வேண்டும். அந்த மணலும் வீட்டின் ஒரு பகுதிதான். சுவர் மட்டும்தான் கிடையாது. சர்க்கார் கணக்கில் அது புறம்போக்கு. ஊர்க்காரர்களுக்கு அதுவே முற்றம், களம், பட்டறை எல்லாம்.

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா இந்தச் சத்தம் இல்லாத எடத்துல படுத்தா எப்பிடிமா தூக்கம் வரும்?" என்றாள் கிழவி.

அத்தை பதில் சொல்லவில்லை. மாயவரத்தில் திண்ணையும் முற்றமுமாக இருந்த வீட்டைப் போன வருஷம்தான் விற்றார்கள். இப்போது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கோயில் மணி கேட்காததால் விடியற்காலையில் விழிப்பே வருவதில்லை என்று என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

2015-ல் இரண்டு காட்சிகள்

2015-ஆம் ஆண்டில் இந்தக் குப்பம் சம்பந்தமாக நடந்தவற்றைச் சொன்னால் அத்தைக்குப் பிடிக்கும் என்று ஆரம்பித்தேன்.

அந்த வருஷ ஆரம்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர் மக்களும் சேர்ந்து 'ஊரூர் ஒல்காட் குப்பம் விழா' தொடங்கினார்கள். சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்கிற சங்கீதம், கடல் காற்றில் டிக்கெட் இல்லாமல் ஒலித்தது. தொடர்ந்து வந்த வருஷங்களில் பரதநாட்டியமும் பறையாட்டமும் கூத்தும் ஒரே விழாவில் இடம்பெற்றன.

"சங்கீதம் குப்பத்துக்குப் போயிற்று என்கிறாய்!"

"ஆமாம். டிசம்பரில் படகு பட்டணத்துக்கு வந்தது."

அந்த டிசம்பர் முதல் வாரத்தை மறக்க முடியுமா? அடையாறு கரை உடைத்துக்கொண்டு தெருக்களில் புகுந்தது. மாடி வீடுகளில் கைக்குழந்தைகளோடும் வயதானவர்களோடும் ஜனங்கள் தவித்தபோது, சென்னைக் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைத் தெருத் தெருவாகக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாகக்கூட மனிதர்களை இறக்கிக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து நகரத்தாரைக் கரை சேர்த்த அதே தொழில்! மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் எல்லாம் அன்று அந்தப் படகில்தான் உட்கார்ந்து வந்தார்கள்.

அத்தை எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "போய்விட்டு வருகிறேன், ஆயா" என்றாள்.

"வாம்மா, நல்லாரு" என்று கிழவி மறுபடி வலையில் குனிந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இவர் கேட்டார்: "அத்தையும் மருமகளும் காலையிலிருந்து எங்கே போயிருந்தீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்: "ஊருக்கு!"